துருக்கிய மொழியின் தொடரமைப்பு: தமிழ் இலக்கணக் கலைச்சொற்களின்வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

துருக்கிய மொழித் தொடர் இரு நெறிகளின்மேல் அமைவது. ஒட்டுகளை வரிசை பிறழாமல் அடுக்கிச் சொல்லை ஆக்குதல் ஒன்று; வினையைத் தொடரின் இறுதியில் நிறுத்துதல் மற்றொன்று. இவ்விரு நெறிகளும் தமிழுக்கும் உரியவை. ஆதலால் வேற்றுமை உருபு, சாரியை, உடம்படுமெய், குறிப்பு வினைமுற்று, பெயரெச்சம், வினையெச்சம் முதலிய தமிழ் இலக்கணக் கலைச்சொற்களைக் கொண்டு துருக்கியத் தொடரை எவ்வளவு தூரம் விளக்கமுடியும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அக்கலைச்சொற்கள் பொருந்தாத இடங்களையும் சுட்டுகிறது. இந்த அமைப்பொற்றுமை இனவுறவுக்குச் சான்றாகாது என்பதை இரு மொழியிலும் காணப்படும் ‘இன்’ என்னும் உருபைக் கொண்டு நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: துருக்கியம், ஒட்டுநிலை, உயிரியைபு, வேற்றுமை, எச்சம், தொடரமைப்பு, ஒப்பிலக்கணம்.

1. முன்னுரை

துருக்கியம் துருக்கிய மொழிக்குடும்பத்தின் ஒகுஸ் கிளையைச் சார்ந்தது. அஜர்பைஜானியும் துர்க்மேனியமும் அதற்கு நெருங்கிய மொழிகள். இக்குடும்பத்தின் பழஞ்சான்றுகளாக இன்றைய மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் உள்ள 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் விளங்குகின்றன. ஆட்டோமன் பேரரசுக் காலத்தில் துருக்கியம் அரபு எழுத்தில் எழுதப்பட்டது. 1928இல் 29 எழுத்துகள் கொண்ட இலத்தீன் நெடுங்கணக்கு நடைமுறைக்கு வந்தது. 1932இல் நிறுவப்பட்ட துருக்கி மொழிக் கழகம் அரபு, பாரசீகச் சொற்களுக்கு மாற்றாகத் தூய துருக்கியச் சொற்களைப் பரப்ப முயன்றது. எழுத்தும் சொல்வளமும் இவ்வாறு பெரிதும் மாறியபோதும், ஒட்டடுக்கும் வினையிறுதியும் மாறவில்லை.

துருக்கிய இலக்கணத்தை நாம் பெரும்பாலும் ஆங்கில நூல்களின்வழியே அறிகிறோம். அந்நூல்கள் முன்னிடைச்சொல்லும் இணைப்பு வினையும் உடைய மொழியைப் பேசுவோர்க்காக எழுதப்பட்டவை. ‘வீட்டில்’ என்னும் பொருள் பெயரின் பின்னொட்டாக வருவதையும், ‘ஆகும்’ என்னும் வினையின்றித் தொடர் முடிவதையும் அவை வியப்புக்குரியனவாக விளக்குகின்றன. தமிழ் கற்றோர்க்கு அவ்வியப்பு தேவையில்லை. ஓரான் பாமுக்கின் புகழ்பெற்ற நாவலொன்று ஆங்கிலத்தின்வழித் தமிழுக்கு ‘என் பெயர் சிவப்பு’ என வந்தது. ஆங்கிலத் தலைப்பில் ஓர் இணைப்பு வினை உண்டு, துருக்கிய மூலத்தலைப்பில் அது இல்லை, தமிழிலும் இல்லை. இடைவழியில் சேர்ந்தது இடைவழியிலேயே நீங்கிற்று. இரு மொழிகளையும் நேரே வைத்து நோக்கும் தேவையை இச்சிறு சான்று உணர்த்தும்.

மறுபுறம், இந்நெருக்கத்தை மிகைப்படுத்தும் போக்கும் உண்டு. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளைச் ‘சித்திய’ மொழிகள் எனத் தாம் வழங்கிய தொகுதியோடு உறவுபடுத்தினார். துருக்கியம், பின்னியம், மங்கோலியம் முதலியன அத்தொகுதியுள் அடங்கியவை. அவ்வுறவுக்கு அமைப்பொற்றுமை எவ்வளவு வலுவான சான்று என்னும் வினா இன்றும் தமிழாய்வில் எழுகிறது. ஆதலால் துருக்கியத் தொடரைத் தமிழ்க் கலைச்சொற்களால் விளக்குவதும், அவ்விளக்கத்திலிருந்து எதை முடிபாகக் கொள்ளலாகாது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

2. எழுத்துப்பெயர்ப்பு

துருக்கியத்தில் எட்டு உயிர்கள் உள்ளன. அ, எ, இ, ஒ, உ ஆகிய ஐந்தும் தமிழ்க் குறில்களை ஒத்தவை. ஏனைய மூன்றும் இதழ்நிலை மாறியவை. அவை இங்கு ′ என்னும் குறியால் காட்டப்படுகின்றன. உ′ என்பது இதழ் குவியாத உகரம். தமிழ்க் குற்றியலுகரத்தின் ஒலியை ஏறத்தாழ ஒப்பது. இ′ என்பது இதழ் குவித்து ஒலிக்கும் இகரம். எ′ என்பது இதழ் குவித்து ஒலிக்கும் எகரம். முன்னுள்ள உயிரை நீட்டி, தான் தனித்து ஒலியாத மெல்லொலிக்கு ‘ஃ’ இடப்பட்டுள்ளது. வல்லெழுத்துகளின் ஒலிப்புடைமை, ஒலிப்பின்மை ஆகிய வேறுபாடு துருக்கியத்தில் பொருள் வேறுபடுத்துவது. தமிழ் வரிவடிவம் அதைக் காட்டாமையால், தேவையான இடத்தில் அது விளக்கப்படும். ஒட்டுகள் சிறுகோட்டால் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன.

3. உயிரியைபு

துருக்கிய ஒட்டுக்கு நிலையான ஓர் உயிர் இல்லை. சொல்லின் இறுதி உயிருக்கு இயைய ஒட்டின் உயிர் மாறும். முன்னுயிர்கள் எ, இ, எ′, இ′ என்பன. பின்னுயிர்கள் அ, உ′, ஒ, உ என்பன. பன்மை ஒட்டு இருவகைப்படும். ‘எவ்’ (வீடு) என்பது ‘எவ்-லெர்’ (வீடுகள்) எனவும், ‘ஒகுல்’ (பள்ளி) என்பது ‘ஒகுல்-லர்’ (பள்ளிகள்) எனவும் வரும். தன்மை ஒருமை உடைமை ஒட்டோ இதழ்நிலையையும் தழுவி நால்வகைப்படும்:

எவ்-இம் (என் வீடு)
கு′ஸ்-உ′ம் (என் மகள்)
ஒகுல்-உம் (என் பள்ளி)
கெ′ஸ்-இ′ம் (என் கண்)

இங்கு நான்கு ஒட்டுகள் இல்லை. ஓர் ஒட்டின் நான்கு வடிவங்களே உள்ளன. கற்போர் இதனை முதலில் தெளிந்தால் பின்வரும் பகுதிகள் எளிதாகும். தமிழ் எழுத்துவழக்கில் இதற்கு நேரான விதி இல்லை. எனினும் திராவிடத்துக்கு இது முற்றிலும் அயலானதும் அன்று. தெலுங்கில் நான்காம் வேற்றுமை உருபு பொதுவாக ‘கு’ ஆயினும் இகரத்தின் பின் ‘கி’ ஆவது இவ்வகை இயைபே. ஆயினும் துருக்கியத்தில் சில விலக்குகள் நீங்கலாக ஏறத்தாழ எல்லா ஒட்டுகளுக்கும் உரிய பொதுநெறி, தெலுங்கில் சிற்சில இடங்களில் மட்டும் தோன்றுகிறது.

4. பெயரும் அதன் ஒட்டுவரிசையும்

துருக்கியப் பெயர்ச்சொல்லின் வரிசை பெயர், பன்மை, உடைமை, வேற்றுமை என்பதாகும். ‘எவ்-லெர்-இமிஸ்-தெ’ என்பதில் எவ் (வீடு), லெர் (கள்), இமிஸ் (நம்), தெ (இல்) என நான்கு உறுப்புகள் உள்ளன. இதன் பொருள் ‘நம் வீடுகளில்’. பன்மைக்குப் பின் வேற்றுமை வருவது தமிழோடு ஒக்கும். உடைமையைச் சொல்லுக்குள்ளேயே இடைப்படுத்துவது தமிழோடு ஒவ்வாது.

உயிரீற்றின்முன் உயிர் வரும்போது யகரம் தோன்றுகிறது. ‘கபு′’ (கதவு) இரண்டாம் வேற்றுமையில் ‘கபு′-ய்-உ′’ என்றாகும். மணி+ஐ ‘மணியை’ ஆவதைப் போன்ற உடம்படுமெய் இது. சாரியைக்கு நிகரான ஓர் எழுத்தும் உண்டு. படர்க்கை உடைமை ஒட்டுக்கும் வேற்றுமை உருபுக்கும் இடையே ஒரு னகரம் வரும். ‘எவ்-இ-ன்-தெ’ என்பது ‘அவன் வீட்டில்’ எனப் பொருள்படும். சுட்டுப்பெயரிலும் ‘பு’ (இது) ‘பு-ன்-உ’ (இதனை) ஆகும். ‘இதனை’ என்பதில் வரும் அன் சாரியையின் இடமும் இதுவே. முன்னிலை உடைமை ஒட்டு ‘இன்’ ஆதலால், ‘உன் வீட்டில்’ என்பதும் ‘எவ்-இன்-தெ’ என ஒலிக்கிறது. ஒரே ஒலித்தொடர் இருவகையாகப் பிரிந்து இரு பொருள் தரும் இவ்விடத்தில் ‘சாரியை’ என்னும் கருத்து இல்லாமல் பொருள் தெளிவது அரிது.

4.1 வேற்றுமை

‘எவ்’ என்னும் பெயர் ஏற்கும் உருபுகள் பின்வருமாறு:

எழுவாய்: எவ் (வீடு)
இரண்டாவது: எவ்-இ (வீட்டை)
மூன்றாவது: எவ்-லெ (வீட்டால், வீட்டோடு)
நான்காவது: எவ்-எ (வீட்டுக்கு)
ஐந்தாவது: எவ்-தென் (வீட்டிலிருந்து)
ஆறாவது: எவ்-இன் (வீட்டின்)
ஏழாவது: எவ்-தெ (வீட்டில்)

துருக்கிய இலக்கணிகள் ‘லெ’ உருபை வேற்றுமையாகக் கொள்வதும் உண்டு, கொள்ளாததும் உண்டு. ஆனால் அது கருவியையும் உடனிகழ்ச்சியையும் ஒருங்கே உணர்த்துகிறது. ஆல், ஓடு என்பவற்றை மூன்றாம் வேற்றுமையின்கண் ஒன்றாக வைத்த தமிழ் மரபுக்கு இது இயல்பான கூட்டு.

ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புமை இன்னும் ஆழமானது. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது ஆகியவற்றை ஐந்தாவதன் பொருளாக நன்னூல் கொள்கிறது. அச்சத்தையும் தொல்காப்பியம் அதனுள் அடக்குகிறது. துருக்கியத் ‘தென்’ உருபு நீங்கலுக்கும் எல்லைக்கும் வருவதோடு, ‘அஞ்சுதல்’ என்னும் வினைக்கு முன்னும் வருகிறது. ‘பசியால் இறந்தான்’ என ஏதுப்பொருளிலும் வருகிறது. ‘அலி ஆயிஷாவினும் பெரியவன்’ என்னும் உறழ்ச்சிப் பொருளிலும் ‘அலி ஐஷெ-தென் பி′யி′க்’ என அதுவே வருகிறது. இக்காலத் தமிழ் இப்பொருள்களை இருந்து, விட, ஆல், கு எனப் பல வடிவங்களுக்குப் பிரித்தளித்துவிட்டது. ஆகவே துருக்கிய உருபு ஒன்றின் பொருட்பரப்பை விளக்க இக்கால வழக்கினும் பழைய இலக்கணப் பகுப்பே பொருத்தமாகிறது.

4.2 இரண்டாம் வேற்றுமை விரியும் தொகையும்

‘கிதப் ஒகு-து-ம்’, ‘கிதப்-உ′ ஒகு-து-ம்’ என்னும் இரு தொடர்களை நோக்குவோம். கிதப் என்பது நூல். ‘கிதாப்’ என்னும் அரபுச்சொல்லின் துருக்கிய வடிவம். முதல் தொடர் ‘நூல் படித்தேன்’ எனப் பொதுப்படச் செயலைக் கூறுகிறது. இரண்டாவது ‘நூலைப் படித்தேன்’ எனக் குறிப்பிட்ட ஒரு நூலைச் சுட்டுகிறது. தமிழில் உருபு தொக்கும் விரிந்தும் வருவதால் விளையும் பொருள் வேறுபாடும் இதுவே.

எனினும் இரு மொழிகளும் இங்கே ஒரு படியில் பிரிகின்றன. இக்காலத் தமிழில் உயர்திணைச் செயப்படுபொருள் பொதுவாக உருபின்றி வாராது. ‘ஒரு சிறுமியைப் பார்த்தேன்’ என்றே கூறவேண்டும். துருக்கியமோ ‘பிர் கு′ஸ் கெ′ர்-தி′-ம்’ (ஒரு, சிறுமி, பார்த்தேன்) என உருபின்றியே கூறும். குறிப்பிட்ட பொருளா என்பதே அங்கு வினா. தமிழில் அதனோடு எத்திணைப் பொருள் என்பதும் வினாவாகிறது.

4.3 கிழமைத் தொடர்

‘வீட்டின் கதவு’ என்பதில் தமிழ் உடையதன்மேல் மட்டும் உருபை ஏற்றுகிறது. துருக்கியம் ‘எவ்-இன் கபு′-ஸு′’ என உடையதிலும் உடைமையிலும் குறியிடுகிறது. சொல்லுக்குச் சொல் ‘வீட்டின் அதன்கதவு’ எனலாம். முன்னுரையில் குறித்த நாவலின் மூலத்தலைப்பும் ‘பென்-இம் அத்-உ′ம்’ (என்னுடைய என்பெயர்) என இருமுறை குறியிட்டே தொடங்குகிறது. உடைமை ஒட்டு யாருடையது என்பதைத் தானே காட்டுவதால் ‘பென்-இம்’ என்னும் சொல்லை விட்டு ‘அத்-உ′ம்’ எனினும் பொருள் குறையாது. வினைவிகுதி இருப்பதால் தமிழில் ‘நான்’ தொக்கு நிற்பதைப் போன்றது இது.

5. வினைமுற்று

துருக்கிய வினையின் வரிசையைத் தமிழ் வினைமுற்று ஒன்றன் உறுப்புகளோடு வைத்துக் காண்பது பயன்தரும்:

யப்-து′ர்-ம-து′-ம்: செய், பிறவினை, எதிர்மறை, இறந்தகாலம், தன்மை ஒருமை
செய்-வி-த்த்-இல்-ஏன்: செய், பிறவினை, இறந்தகாலம், எதிர்மறை, தன்மை ஒருமை

ஐந்து உறுப்புகளும் நேருக்கு நேர் நிற்கின்றன. எதிர்மறையும் காலமும் மட்டும் இடம் மாறியுள்ளன. துருக்கியம் மறுத்தபின் காலம் கூறுகிறது; தமிழ் காலம் கூறியபின் மறுக்கிறது. ‘செய்விக்கவில்லை’ என்னும் இக்கால வடிவத்தில் இடவிகுதியே இல்லாமையால் இவ்வொப்புமை மறைந்துவிடுகிறது. பழைய வடிவமே அதனை வெளிப்படுத்துகிறது.

பகுதியை ஒட்டிய ஒட்டுகள் மேலும் அடுக்கப்படலாம். ‘கெ′ர்-இ′ஷ்-தி′ர்-இ′ல்-மெ-தி-லெர்’ என்னும் ஒரு சொல்லில் காண், ஒருவரையொருவர், பிறவினை, செயப்பாட்டுவினை, எதிர்மறை, இறந்தகாலம், பலர் என ஏழு உறுப்புகள் உள்ளன. ‘அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க வைக்கப்படவில்லை’ என அதனைப் பெயர்க்கலாம். தமிழ் துணைவினைகளால் செய்வதைத் துருக்கியம் ஒட்டுகளால் செய்கிறது.

5.1 திணையும் பாலும் இன்மை

தமிழிலக்கணத்தின் தலைவாயிலாகிய திணை, பால் பகுப்பு துருக்கியத்தில் இல்லை. ‘கெல்-தி’ என்னும் ஒரு சொல் வந்தான், வந்தாள், வந்தது ஆகிய மூன்றற்கும் பொது. ‘ஒ’ என்னும் படர்க்கைப் பெயரும் அவன், அவள், அது ஆகிய மூன்றற்கும் பொது. முன்னிலையில் ‘ஸென்’ (நீ), ‘ஸிஸ்’ (நீங்கள்) என்னும் மதிப்பு வேறுபாடு தமிழை ஒத்திருப்பினும், படர்க்கையில் மொழிபெயர்ப்பாளர்க்குத் துணை இல்லை. மூலத்தில் பால் தோன்றாமல் நூலாசிரியர் மறைத்து நகர்த்தும் ஒருவரைத் தமிழ் முதல் வினைமுற்றிலேயே வெளிப்படுத்திவிடும். ஆங்கிலத்தின்வழிப் பெயர்க்கும்போது இம்முடிவை ஆங்கில மொழிபெயர்ப்பாளர் முன்னரே எடுத்துவிடுகிறார். நேரடியாகப் பெயர்ப்பவர்க்கே அது ஒரு சிக்கலாகப் புலப்படும்.

5.2 கண்டதும் கேட்டதும்

இறந்தகாலத்தைக் காட்டும் ஒட்டுகள் இரண்டு உள்ளன. ‘அலி கெல்-தி’ என்பது சொல்வோன் நேரில் அறிந்த செய்தி. ‘அலி கெல்-மிஷ்’ என்பது பிறர்வாய்க் கேட்டோ, அடையாளம் கண்டு உய்த்துணர்ந்தோ கூறும் செய்தி. பிறர்வாய்க் கேட்டதைத் தமிழ் ‘வந்தானாம்’ என ஆம் என்னும் இடைச்சொல்லாலும், வாயிலில் செருப்பைக் கண்டு உய்த்துணர்ந்ததை ‘வந்திருக்கிறான்’ எனத் துணைவினையாலும் கூறும். துருக்கிய நாட்டுப்புறக் கதைகளின் வழக்கமான தொடக்கம் ‘பிர் வர்-மு′ஷ், பிர் யொக்-முஷ்’ என்பது. ‘ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம்’ என்பது இதன் சொற்பொருள். ‘ஒரே ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்’ எனத் தமிழ்க் கதை தொடங்குவதும் இவ்விலக்கணக் கருவியாலேயே. கதைசொல்லி தான் கண்டதற்குப் பொறுப்பேற்கவில்லை என்பது இரு மொழியிலும் இலக்கணத்தால் உணர்த்தப்படுகிறது.

6. வினையில்லாத் தொடர்

துருக்கியத்தில் பெயர்ப்பயனிலை இயல்பானது. அப்பெயர் இடவிகுதியும் ஏற்கும். ‘இயி’ (நல்ல) என்பதிலிருந்து ‘இயி-ய்-இம்’ (நலமாயிருக்கிறேன்) என்பது உருவாகிறது. ‘நல்லேன்’, ‘இளையேன்’, ‘ஊரேன்’ என்னும் பழந்தமிழ் வடிவங்களைப் போன்ற குறிப்பு வினைமுற்று இது. இக்காலத் தமிழில் அருகிவிட்ட இவ்வாக்கம் துருக்கியத்தில் அன்றாட வழக்கு.

எதிர்மறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘பர யொக்’ என்பது ‘பணம் இல்லை’. ‘பு எவ் தெஃயில்’ என்பது ‘இது வீடு அன்று’. இருப்பை மறுக்க ‘யொக்’, தன்மையை மறுக்க ‘தெஃயில்’ எனத் துருக்கியம் பிரித்தாள்வது, இல், அல் என்னும் தமிழ் அடிகளின் வேறுபாட்டோடு ஒத்தது. பேச்சுத்தமிழ் ‘இது வீடு இல்லை’ என இரண்டையும் ஒன்றாக்கி வருகிறது. ‘யொக்’ என்பதன் உடன்பாடு ‘வர்’ (உண்டு). ஆனால் உடைமை கூறும்போது தமிழ் ‘எனக்குத் தம்பி உண்டு’ என நான்காம் வேற்றுமையை நாடும். துருக்கியம் ‘என் தம்பி உண்டு’ என ஆறாம் வேற்றுமைவழியே கூறும். அவ்வாறே ‘எனக்குத் துருக்கியம் தெரியும்’, ‘எனக்குப் பசிக்கிறது’ என்னும் தமிழ்த் தொடர்களுக்கு நேராகத் துருக்கியம் ‘துருக்கியம் அறிகிறேன்’, ‘பசித்தேன்’ எனத் தன்மை வினைமுற்றையே ஆளும். நுகர்வோனை நான்காம் வேற்றுமையில் நிறுத்தும் தமிழ் மரபு இங்குத் துணைசெய்யாது.

7. சொல்வரிசையும் இடைச்சொல்லும்

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்பது இயல்பு வரிசை. அடை பெயருக்கு முன்னும், உருபு பெயருக்குப் பின்னும் வரும். எண்ணுப்பெயரை அடுத்துப் பன்மை ஒட்டு வாராது. ‘மூன்று வீடு’ என்றே கூறப்படும். வினைக்கு நேர்முன்னுள்ள இடம் அழுத்தத்துக்கு உரியது. ‘நூலை ஆயிஷாவுக்கு அலி கொடுத்தான்’ என அலியை வினையருகே நிறுத்தினால் ‘கொடுத்தவன் அலியே’ என்னும் பொருள் சிறக்கும். வினைக்குப் பின்னும் பெயர் வரலாம். அறிந்த செய்தியைப் பின்னுரையாகச் சேர்க்கும் அவ்வமைப்பைத் துருக்கியர் ‘தெவ்ரிக்’ (கவிழ்ந்த) தொடர் என்பர்.

வினா இடைச்சொல் ‘மி’ தமிழ் ஆகாரத்தைப் போன்றே இடம்பெயர்ந்து பொருள் வேறுபடுத்துகிறது. ‘அலி கெல்-தி மி?’ என்பது ‘அலி வந்தானா?’, ‘அலி மி கெல்-தி?’ என்பது ‘அலியா வந்தான்?’. எச்சவும்மைக்கு நிகரான இடைச்சொல்லும் உண்டு; ‘அலி தெ கெல்-தி’ என்பது ‘அலியும் வந்தான்’.

8. எச்சங்கள்

துருக்கியம் நெடுந்தொடரை எச்சங்களால் ஆக்குகிறது. ‘கெல்-இப் கித்-தி’ (வந்து போனான்) என்பதில் ‘இப்’ ஒட்டு ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தின் பணியைச் செய்கிறது. ‘வருவான் என்று காத்திருந்தேன்’ என்பது ‘கெல்-எஜெக் தி-யெ பெக்லெ-தி-ம்’ என வரும். ‘தியெ’ என்பது ‘சொல்லுதல்’ என்னும் பொருளுடைய ‘தெ’ என்னும் வினையடியின் எச்சம். ‘என்று’ என்பது ‘என்’ என்னும் வினையடியின் எச்சமாதல் போல்வது இது.

பெயரெச்சத்தில் வேறுபாடு உண்டு. தமிழ்ப் பெயரெச்சம் ஒன்றே பல பெயர்களைக் கொள்ளும். ‘படித்த’ என்பது மாணவன், நூல், பள்ளி ஆகிய மூன்றையும் கொண்டு முடியும்; வினைமுதலா, செயப்படுபொருளா, நிலமா என்பதை அப்பெயரே உணர்த்தும். துருக்கியம் வினைமுதலுக்கு ஒரு வடிவமும், ஏனையவற்றுக்கு மற்றொரு வடிவமும் கொள்கிறது. ‘வந்த ஆள்’ என்பது ‘கெல்-என் அதம்’. ‘நான் படித்த நூல்’ என்பது ‘ஒகு-துஃ-உம் கிதப்’. இரண்டாவதில் ‘நான்’ என்பது எச்சத்திலேயே உடைமை ஒட்டாக உள்ளது. மறுபுறம் தமிழ்ப் பெயரெச்சம் மூன்று காலத்தையும் வேறுபடுத்த, துருக்கியம் எதிர்காலத்தை மட்டுமே தனி ஒட்டால் பிரிக்கிறது. இடப்பொருளில் துருக்கியம் தெளிவு, காலப்பொருளில் தமிழ் தெளிவு எனலாம்.

இதுவரை கூறியவற்றை ஒரு தொடரில் காணலாம்:

அலி-நின் பன வெர்-திஃ-இ கிதப்-உ′ ஒகு-ய்-உப் கர்தெஷ்-இம்-எ கெ′ந்தெர்-தி-ம்.
அலி எனக்குத் தந்த நூலைப் படித்துத் தம்பிக்கு அனுப்பினேன்.

ஏழு சொற்களும் வரிசை பிறழாமல் ஏழு சொற்களாக வந்துள்ளன. ஆங்கிலத்தில் இத்தொடரின் வரிசை ஏறத்தாழத் தலைகீழாகும். ஆயினும் இங்கும் ஓர் இடையூறு உண்டு. ‘கர்தெஷ்’ உடன்பிறந்தாரைப் பால் வேறுபாடின்றிக் குறிக்கும் சொல். ‘தம்பிக்கு’ என்பது பெயர்ப்பவரின் தேர்வே. ‘தங்கைக்கு’ என்பதும் பொருந்தும்.

9. அமைப்பொற்றுமையும் இனவுறவும்

இத்தனை ஒற்றுமைகளும் இனவுறவைக் காட்டுமா? காட்டா. வினையிறுதி மொழிகளில் பின்னிடைச்சொற்களும் ஒட்டுகளும் பெரும்பாலும் சேர்ந்தே அமைகின்றன என்பதைக் கிரீன்பெர்க் 1963இல் பல மொழிகளின் ஒப்பீட்டால் காட்டினார். ஜப்பானியம், கொரியம், மங்கோலியம் ஆகியனவும் இவ்வமைப்பின. துருக்கியம், மங்கோலியம், துங்குசியம் ஆகியவற்றை ‘அல்தாய்’ என ஒரே குடும்பமாகக் கொள்ளும் கருத்தையே மொழியியலார் பலர் ஏற்பதில்லை. அமைப்பொற்றுமையும் கடன்சொற்களும் அதற்குப் போதா என்பது அவர்களின் வாதம்.

இனவுறவுக்குத் தேவையானது அடிப்படைச் சொற்களில் முறைப்பட்ட ஒலியிணை. துருக்கியத்தில் நாக்கு, பல், நான்கு ஆகிய பொருளுடைய சொற்கள் (தில், திஷ், தெ′ர்த்) ஒலிப்புடைத் தகரத்தால் தொடங்குகின்றன. உஸ்பெக்கில் அவற்றின் இணைச்சொற்கள் ஒலிப்பில்லாத் தகரத்தால் தொடங்குகின்றன. தமிழ்ப் பால், பல், பத்து என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து ஆவது இத்தகைய இணையே. தமிழுக்கும் துருக்கியத்துக்கும் இடையே இவ்வாறு ஓர் இணை காணப்படவில்லை. ஒன்று முதல் ஐந்து வரையிலான துருக்கிய எண்கள் பிர், இகி, இ′ச், தெ′ர்த், பெஷ். கண், கை, கால் என்பவற்றுக்குரிய சொற்கள் கெ′ஸ், எல், அயக். இவற்றைத் தமிழோடு இணைக்கும் ஒலிவிதி எதுவும் இல்லை.

மிகவும் மயக்கம் தரக்கூடியது ஆறாம் வேற்றுமை ‘இன்’ உருபு. ‘எவ்-இன்’, ‘வீட்டின்’ என வடிவமும் பொருளும் ஒன்றேபோல் தோன்றுகின்றன. ஆனால் துருக்கியத்தின் உறவுமொழிகளை நோக்கினால் இத்தோற்றம் கலைகிறது. உஸ்பெக்கிலும் உய்குரிலும் இவ்வுருபு ‘நிங்’. துர்க்மேனியத்திலும் அது ஙகர ஈறு உடையது. ஓர்கோன் கல்வெட்டு மொழியிலும் ஙகர ஈறே. ஆகவே துருக்கிய ‘இன்’ பழைய ஙகர ஈற்றின் திரிபு. தமிழ் ‘இன்’ உருபோ சாரியையாகவும் ஐந்தாம் உருபாகவும் வழங்குவது. அதன் வரலாறு வேறு. இன்றைய வடிவங்களை நிறுத்தி ஒப்பிடுவது தற்செயலையும் உறவாக்கிவிடும். இரு பக்கமும் பழைய வடிவத்துக்குச் சென்று ஒப்பிடுவதே முறை.

10. முடிவுரை

இவ்வாய்வின் முடிபுகள் வருமாறு:

• உடம்படுமெய், சாரியை, ஐந்தாம் வேற்றுமைப் பொருள், குறிப்பு வினைமுற்று, எச்சம் ஆகிய தமிழ்க் கலைச்சொற்கள் துருக்கியத் தொடரை விளக்கத் தகுந்த கருவிகள். பல இடங்களில் இக்காலத் தமிழினும் பழந்தமிழ் வடிவங்களே நெருங்கிய ஒப்புமை தருகின்றன.

• உயிரியைபு, உடைமை ஒட்டு, இருவகைப் பெயரெச்சம், திணை பால் இன்மை, நுகர்வோன் எழுவாயாதல் ஆகிய இடங்களில் தமிழ்ப் பகுப்பு பொருந்தாது. அங்குத் துருக்கியத்தை அதன் நெறியிலேயே கற்றல் வேண்டும்.

• இவ்வொற்றுமைகள் மொழிவகை சார்ந்தவை, இனவுறவுக்குச் சான்றாகா.

• எச்சத்தொடர்கள் வரிசை மாறாமல் பெயர்க்கத்தக்கன ஆதலாலும், பால் காட்டாத சொற்களில் பெயர்ப்பவரே முடிவெடுக்க வேண்டியிருத்தலாலும், துருக்கிய இலக்கியம் மூலத்திலிருந்து நேரே தமிழுக்கு வருதல் வேண்டும். அதற்குத் தமிழில் எழுதப்பட்ட துருக்கிய இலக்கணம் ஒன்று இன்றியமையாதது.

தமிழிலக்கணத்தைக் கொண்டு மற்றொரு மொழியை விளக்கும்போது, அதன் பகுப்புகளுள் எவை மொழிப்பொதுமை, எவை தமிழுக்கே உரிய சிறப்பு என்பதும் தெளிவாகிறது. திணையும் பாலும் இல்லாத துருக்கியத்தை அறிந்தபின், அவற்றை முதலில் வைத்து இலக்கணம் தொடங்கும் தமிழ் மரபின் தனித்தன்மை மேலும் விளங்கும்.